இருநூறு கிராம் பேட்டரியும் மரகதவல்லி யானையும்

ஒரு காட்டில், தீப்பிடிக்காத பேட்டரி வந்தே ஆக வேண்டும் என்று சிங்கராஜா அடம்பிடித்தார். பழைய பேட்டரிக்குள் இருந்த திரவம் பற்றிக்கொண்டதில் அவருடைய பிடரி மயிரில் பாதி போய்விட்டது. பாதிப் பிடரியோடு அரசாள்வது எவ்வளவு கஷ்டம் என்று பட்டவருக்குத்தான் தெரியும்.

சேந்தன் என்ற கீரிதான் காட்டின் பொறியாளர். அவர் திரவத்தை எடுத்துவிட்டுப் பீங்கான் தகடு ஒன்றை வைத்தார். அதன்மேல் லித்தியத் தகடு. பார்க்க லட்சணமாக இருந்தது, அதோடு இணைத்த விளக்குதான் எரியவில்லை. திரவம் என்றால் சந்துபொந்தெல்லாம் புகுந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே இரண்டும் கெட்டி. ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தும் பாதி இடத்தில் தொட்டுக்கொள்ளவே இல்லை.

அந்த வழியாக மரகதவல்லி என்ற யானை வந்தாள். அக்கரையில் அவள் தங்கை கன்று ஈன்றிருந்தாள். மழை இறங்கி ஆறு பெருகுவதற்குள் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம் அவளுக்கு.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிஷம் இதுமேல உக்காருங்களேன்" என்றார் சேந்தன்.

உட்கார்ந்தாள். விளக்கு பளிச்சென்று எரிந்தது. அஞ்சு நிமிஷம் பதினோரு நாளாயிற்று.

அவள் தும்மினால் இடைவெளி விழுந்து விளக்கு அணைந்தது. ஒருநாள் அவசரமாகச் சார்ஜ் ஏற்றியதில் லித்தியம் மெல்லிய இழைகளாக வேர்விட்டுப் பீங்கானையே துளைத்துவிட்டது. தகட்டை மாற்றி, அவளை மறுபடியும் உட்கார வைத்தார்கள்.

ஆய்வுக்கு வந்த நரி படிவத்தை விரித்தது.

"பேட்டரியோட எடை?"

"இருநூறு கிராம் சார்."

"மேல இருக்கிறது?"

"அது பேட்டரி இல்ல சார். ஊழியர்."

நரி முத்திரை குத்திவிட்டுப் போனது.

மரகதவல்லி புழுங்குகிறது என்றாள். எழுந்துவிடுவாளோ என்று பயந்த சேந்தன் ஒரு ஃபேன் மாட்டினார். இருந்த மின்சாரம் முழுவதையும் ஃபேனே இழுத்துக்கொண்டது. விளக்கைக் கழற்றிவிட்டார்கள்.

மறுநாள் மேற்கே மேகம் கறுத்தது. யானை ஆற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"தம்பி, இந்த ஃபேன் எதுக்கு ஓடுது?"

"நீங்க எந்திரிக்காம இருக்கத்தான், அக்கா."

"நான் எதுக்கு உக்காந்திருக்கேன்?"

"ஃபேன் ஓடத்தான்."

"அப்ப நான் எந்திரிச்சா ஒருத்தருக்கும் ஒண்ணும் குறையாது" என்று சொல்லி மரகதவல்லி எழுந்தாள். ஃபேன் நின்றது. வயிறு நனைய ஆற்றைக் கடந்து போனாள். புதுக்கன்று அவள் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிந்தது. கதை சொல்லும் எனக்கும் சந்தோஷம்தான்.

சேந்தன் அன்றைக்கே ராஜாவுக்கு அறிக்கை எழுதினார்: "பேட்டரியில் யாதொரு குறையும் இல்லை. யானையிடம் ஒத்துழைப்பு மனப்பான்மை இல்லை."

ராஜா பேட்டரிக்கு விருது கொடுத்தார். யானைக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் போனது.

நீதி: கண்டுபிடிப்பில் ஓட்டை இருந்தால் அதன்மேல் ஒருவரை உட்கார வையுங்கள். அவர் எழுந்துவிட்டால் ஓட்டை அவருடையது.