குழாய் விஷயமாக மாமாவுக்கு

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரியவரும், பதினெட்டு நாளாக என் போனை எடுக்காதவருமான மாமா அவர்களுக்கு,

மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் கிட்டாரும் குளியலறைக் குழாயும் சௌக்கியம். அங்கே நீங்களும் அக்காவும் குட்டியும் உங்கள் வேனும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனைப் போலக் கடிதத்தைப் பாதியில் துண்டிக்க முடியாது. கிழித்துப் போடலாம்தான். அதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுங்கள்.

என் குளியலறைக் குழாய் சொட்ட ஆரம்பித்துப் பதினோரு மாதம் ஆகிறது. ஊரில் பாதிக் குழாய்களை அடக்கி வைத்திருப்பது உங்கள் கைதான் என்பதால் உங்களிடம் சொன்னேன். "நாளைக்கு வந்துடறேன்டா" என்றீர்கள். அடுத்த வாரமும் அதையே சொன்னீர்கள். ஒவ்வொரு தடவையும் மனசாரத்தான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒரு நாள் குளிக்கும்போது கவனித்தேன்: மூன்று சொட்டு ஒரே சீராக விழுகிறது, நாலாவது சொட்டு வருவேனா மாட்டேனா என்று தயங்கித் தயங்கி விழுகிறது. அந்த நாலாவது சொட்டில் உங்கள் முகம் தெரிந்தது. துண்டோடு ஓடி வந்து போனை எடுத்து அந்தச் சொட்டுச் சத்தத்தைப் பதிவு செய்தேன், அதையே தாளமாக வைத்துப் பாடினேன். "நாளைக்கு வந்துடறேன்னு சொன்னியே" பாட்டு பிறந்த கதை இவ்வளவுதான். "சொன்னீங்களே" என்று பாடிப் பார்த்தேன், தாளத்தில் நிற்கவில்லை. அந்த மரியாதைக் குறைவுக்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

அதற்குப் பிறகு நடந்தது எதுவும் என் கையில் இல்லை, மாமா. நம் வார்டில் சாலை போடுகிறேன் என்று சொல்லிப் போடாத கவுன்சிலரைப் பற்றித்தான் அந்தப் பாட்டு என்று யாரோ கிளப்பிவிட, எதிர்க்கட்சிக்காரர்கள் அவர் அலுவலக வாசலில் ஒலிபெருக்கி வைத்துப் போட, முந்தின கவுன்சிலரைத்தான் நான் சாடியிருக்கிறேன் என்று இவர் கட்சிக்காரர்கள் அதே பாட்டைத் திருப்பிப் போட, கடைசியில் கவுன்சிலரே நேரில் வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "தம்பி, மனசுல ஒண்ணும் வச்சுக்காம சொல்லுங்க. அது என்னைப் பத்தியா?" என்றார். "இல்லைங்க, குழாயைப் பத்தி" என்றேன். "புரியுது. குழாய்னா யாரு?" என்றார். கையைப் பிடித்துக் குளியலறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். குனிந்து நாலு சொட்டையும் எண்ணிப் பார்த்தார். "நாளைக்கே ஆள் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதம் ஆகிறது. எனக்குத் தெரிந்த அரசியல் இவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்த வானொலிப் பேட்டி. "பாட்டுல வர்ற அந்த ஆள் யாரு?" என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் வம்பு இல்லை என்று நினைத்து, "எங்க அக்கா வீட்டுக்காரர்" என்றேன். எப்பேர்ப்பட்ட முட்டாள் நான். அந்த நேரம் நீங்கள் ஏதோ ஒரு சமையலறையில் தொட்டிக்கு அடியில் படுத்திருந்தீர்களாம், அந்த வீட்டுக்காரம்மா வானொலியைச் சத்தமாக வைத்தாராம். இப்போது நீங்கள் எந்த வீட்டு மணியை அழுத்தினாலும் உள்ளேயிருந்து என் பாட்டைப் பாடிக்கொண்டே கதவைத் திறக்கிறார்களாம். அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

போன வாரம் ஒரு பத்திரிகையில் என்னை "யாரையும் சாராத சுயாதீன இசைக்கலைஞர்" என்று போட்டிருந்தார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு, "யாரையும் சாராதவனா? உன் ஸ்பீக்கரை யாருடா தூக்குனது?" என்றாள். ஆறு வருடமாக நீங்கள்தான் தூக்கினீர்கள். உங்கள் வேனில் குழாய்களைக் கீழே இறக்கி வைத்துவிட்டு என் சாமான்களை ஏற்றினீர்கள். முதல் கச்சேரிக்கு வந்தது ஏழு பேர், அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர். பாட்டு முடிவதற்கு முன்பே நீங்கள் கைதட்டினீர்கள், அதைப் பார்த்துத்தான் மற்ற ஆறு பேரும் தட்டினார்கள். வேலையை விட்டுவிட்டுப் பாடப் போகிறேன் என்று நான் சொன்னபோது வீட்டில் எல்லோரும் தலையில் அடித்துக்கொள்ள, "அவன் பாடட்டும், நான் பாத்துக்கறேன்" என்றீர்கள். உங்களைப் பற்றி ஒரு பாட்டு எழுத எனக்கு இவ்வளவு இருந்தது. நான் எழுதியது குழாயைப் பற்றி. வெட்கமாக இருக்கிறது, மாமா.

ஞாயிற்றுக்கிழமை நகர அரங்கில் கச்சேரி. முந்நூறு நாற்காலி. முன்வரிசை ஓரத்தில் ஒன்று உங்களுடையது. அது காலியாக இருந்தால் என் குரல் எழும்பாது. ஸ்பேனர் வேண்டாம், வேன் வேண்டாம், சட்டையை மாற்றிக்கொண்டு விருந்தாளியாக வாருங்கள். இனி என் வாழ்நாளில் குழாய் என்ற சொல்லை உங்களிடம் எடுக்க மாட்டேன். அது சொட்டிக்கொண்டே இருக்கட்டும். போனில் எடுத்த சொட்டுச் சத்தம் பெரிய ஸ்பீக்கரில் கரகரக்கிறது, ஆகவே இன்று சாயங்காலம் நல்ல மைக் வைத்து மறுபடி பதிவு செய்துகொள்வேன்.

அக்காவுக்கு என் அன்பு. குட்டிக்கு ஆயிரம் முத்தம். உங்களுக்கு, நீங்கள் எடுக்காத அத்தனை போனிலும் நான் சொல்ல இருந்த நன்றி.

என்றும் உங்களைச் சார்ந்த,
மைத்துனன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் நன்றியைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. உறை வாங்கக் கடைக்குப் போய் அரைமணி நேரத்தில் திரும்பினேன். வீடு ஏதோ வெறிச்சென்று இருந்தது. குளியலறையில் போய்ப் பார்த்தால் குழாய் சொட்டவில்லை. அக்காவிடம் இருக்கும் சாவியில் வந்திருக்கிறீர்கள். தேய்ந்த வாஷரை உங்கள் ரசீதுத் தாளில் மடித்து வைத்து, "வந்துட்டேன்ல. பாட்டை மாத்து" என்று எழுதியிருக்கிறீர்கள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் தாளம் இல்லை. நானே திருகிப் பார்த்தேன். நீங்கள் செய்த வேலை ஆயிற்றே, அசையவில்லை. ஆகவே மாமா, ஸ்பேனர் வேண்டும், வேன் வேண்டும், ஒரு குழாயும் வாளியும் வேண்டும். வாஷர் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. மூன்று சொட்டு சீராக, நாலாவது தயங்கி விழ வைக்க இந்த ஊரில் உங்களை விட்டால் ஆளில்லை. மேடையில் என் பக்கத்தில் உங்களுக்கு இடம் போட்டாயிற்று. முன்வரிசை நாற்காலியைக் கவுன்சிலருக்குக் கொடுக்கப் போகிறேன். தபாலுக்கு நேரமில்லாததால் இதை உங்கள் வேன் கண்ணாடியில் செருகிவிட்டு வருகிறேன். நாளைக்கு ஒத்திகை. வந்துடறேன்னு மட்டும் சொல்லிடாதீங்க, மாமா. வந்துடுங்க.