சர்வர் அறையில் ஒரு கம்பளிக் குல்லா

பயந்த சுபாவம் உள்ளவர்களிடம் பாதுகாப்பு வேலையைக் கொடுத்தால் நன்றாகப் பார்த்துக்கொள்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது தவறு. எதற்குப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுவோம். (காஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்புகிறவள் நான். வீடு எருத்தேன்பதி, ஆபீஸ் கஞ்சிக்கோடு, இரண்டும் கேரள எல்லையோரம். பாதி வழி என்பதே நல்ல தூரம்.)

எங்களுடையது சின்ன டேட்டா சென்டர். பிற கம்பெனிகளின் கம்ப்யூட்டர் பதிவுகளை வாங்கி வைத்துக் காப்பதுதான் தொழில். எங்களுக்குச் சோறு போட்டது ஓர் ஆஸ்பத்திரிக் குழுமம். அவர்களின் நோயாளிகளுடைய விவரமெல்லாம் எங்கள் சர்வரில்தான் இருந்தது. அவர்கள் போனால் நாங்கள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். பாதுகாப்பு விதிகளுக்கு நான் பொறுப்பு. சர்வர் அறைக் கதவில் "எந்தத் திரவமும் உள்ளே கொண்டுவரக் கூடாது" என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டியவளும் நானே.

மகளுக்கு ஐந்து மாதம் ஆனபோது வேலைக்குத் திரும்பினேன். மதியமானால் பால் கட்டிக்கொண்டு வலிக்கும். பம்பு வைத்து எடுத்தே ஆக வேண்டும். ஆபீஸில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழும் கதவு ஒன்றுகூட இல்லை. பாத்ரூம் கதவையே ஒரு காலால் மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். நன்றாகப் பூட்டுகிற ஒரே அறை, கைரேகை வைத்தால் மட்டும் திறக்கிற சர்வர் அறை. குளிரும் உண்டு, பால் கெடாது. அங்கே இரைகிற மின்விசிறிகளைத் தாண்டிப் பம்புச் சத்தம் வெளியே கேட்காது.

ஒரே இடைஞ்சல், மேலே இருந்த கேமரா. கூச்சம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் என் மாமியார். முதல் நாள் கிளம்பும்போதே சொல்லி அனுப்பியிருந்தார்: "பாலெடுக்கறத ஒருத்தரு கண்ணும் பாக்கக் கூடாதும்மா. திருஷ்டி பட்டாச் சொரக்காது, பாத்துக்க."

நான் எம்.எஸ்சி. படித்தவள். இதையெல்லாம் நம்புவதில்லை. ஆனால் கேமராவும் ஒரு கண்தானே என்று ஒரு தடவை தோன்றிய பிறகு அதை விரட்ட முடியவில்லை. அட்டைப்பெட்டி மேல் ஏறி, பையில் இருந்த மகளின் ரோஸ் கம்பளிக் குல்லாவை எடுத்துக் கேமராவின் தலையில் மாட்டினேன். அளவெடுத்த மாதிரிப் பொருந்தியது. தினமும் மாட்டுவதும், முடிந்ததும் கழற்றுவதும் வழக்கமானது.

மேனேஜர் சண்முகம் சாரிடம் சொல்லிவிடலாம் என்று பல தடவை அவர் அறைக்குப் போனேன். "என்னம்முணி?" என்பார். "ஸ்டேப்ளர் பின் வேணுங்க சார்" என்று வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவேன். (மேஜை டிராயரில் பெட்டி பெட்டியாகப் பின் சேர்ந்தது.)

ஒப்பந்தம் புதுப்பிக்கும் காலம் வந்தது. ஆஸ்பத்திரி சார்பில் சோதனை செய்ய எர்ணாகுளத்திலிருந்து ஷீபா மேடம் வந்தார். காலையில் அவர் முன்னால் என் உரை. தலைப்பு, தகவல் திருட்டால் வியாபாரத்துக்கு வரும் ஆபத்துகள்.

"வெளியே இருந்து வர்ற திருடனைவிட உள்ளே இருக்கிற ஆள்தான் ஆபத்து. விவரம் கசிஞ்சா வழக்கு வரும், அபராதம் வரும். அதைக்கூடச் சமாளிக்கலாம். நம்பிக்கை போய் விலகின வாடிக்கையாளர் திரும்ப மாட்டார். வர இருக்கிறவரையும் போன் போட்டுத் தடுத்துருவார்" என்று கணீரென்று பேசினேன். சார் பெருமையாகத் தலையாட்டினார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் ஷீபா மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டு லேப்டாப்பைத் திருப்பினார். திரை முழுக்க ரோஸ் நிறம்.

"எல்லா நாளும் இதே நேரம் கேமரா மூடுது. கதவு திறந்தது உங்க விரல். பையோட போறீங்க, வரும்போது பை இன்னும் கனமா இருக்கு. இது எந்தாணு மேடம்?"

சத்தத்தைக் கூட்டினார். இரைச்சலுக்கு நடுவே "கிர்ர்... கிர்ர்..." என்று கேட்டது. "டேட்டாவைக் காப்பி எடுக்கிற மெஷினா?"

சாரின் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்முணி, எவ்வளவு டேட்டா போச்சு? போலீசுக்குப் போறதுக்கு முன்னால சொல்லீருங்க. உங்க ஊட்டுக்காரருகிட்ட வேணா நான் பேசறனுங்க."

எனக்கு அந்த நேரத்தில் தோன்றியது, ஜெயிலுக்குள் பம்பை அனுமதிப்பார்களா என்பதுதான். அப்புறம்தான் ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆபீஸில் இருக்கிற அத்தனை பேர் பிழைப்பும் போகும்.

"பாலுங்க சார்."

சார் வீட்டில் மாடுகள் உண்டு. "பாலா? எந்த சொசைட்டிக்குங்க?"

வேறு வழியில்லை. பையைத் திறந்து பம்பையும் பாட்டிலையும் மேஜை மேல் வைத்தேன். ஒரு கண்ணும் படக் கூடாத பால், ஒப்பந்தக் காகிதங்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. சார் பார்த்தார். புரிந்துகொண்டார். எழுந்து ஜன்னல் பக்கம் போய், "மழ வர்ற மாதர இருக்குதுங்க" என்றார். (ஜன்னல் திரை மூடியிருந்தது.)

"குட்டிக்கு எத்ர மாசம்?" என்று ஷீபா மேடம் கேட்டார். சொன்னேன். சிரித்தார். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

"சரி. ஆனா கேமரா மூடியிருந்த நேரத்துல யாரும் எதையும் எடுக்கலன்னு நான் எப்படி நம்பறது? உங்க வார்த்தை மட்டும்தான் இருக்கு. ஆஸ்பத்திரிக்கு அது போதாது."

அவர் சொன்னது நியாயம். காலையில் நான் பேசியதும் அதேதான். ஆபீஸ் மொத்தமும் மற்ற வேலையைப் போட்டுவிட்டு, ஒவ்வொரு சர்வரின் பதிவையும் நாள்வாரியாகப் பார்த்தது. ஏன் பார்க்கிறோம் என்பது வாட்ச்மேன் வரை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குப் பார்த்து எல்லோரும் டீ வேண்டாம், பாலில்லாத கட்டங்காப்பி போதும் என்றார்கள்.

எதுவும் திருடு போகவில்லை. ஆனாலும் மூன்று வருடத்துக்கு வர வேண்டிய ஒப்பந்தம் ஒரு வருடத்துக்குத்தான் வந்தது. சர்வர் அறைக் கதவிலிருந்து என் கைரேகையை எடுத்துவிட்டார்கள். ஷீபா மேடத்தின் அறிக்கையில் 'ஆபத்துக்கான காரணம்' என்ற இடத்தில் ஊழியர் என்று இல்லை. "தாழ்ப்பாள் உள்ள அறை இல்லாமை" என்று இருந்தது. அந்த வாரமே ஸ்டேஷனரி அறை காலியாகி, கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. சார் அதைத் தானே நான்கு தடவை போட்டுத் திறந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் போனார்.

வீட்டில் சொன்னபோது மாமியார் என் பக்கம்தான். "மெஷினு கண்ணுன்னா மட்டும் திருஷ்டி இல்லையா? மூடுனதுதான் சரி" என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்தில் இருப்பவரிடம், "எம் பேத்தி கம்ப்யூட்டரு ரூமுப் பாலு குடிச்சவளுங்க" என்று ஆரம்பித்துவிடுகிறார். மகள் இப்போது யூ.கே.ஜி. அவளுக்குச் சளி பிடித்தால் என் கணவர், "ஏசி ரூம் பாலாச்சே, பின்ன?" என்கிறார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

போன மாதம் சளி கொஞ்சம் அதிகமானது. டாக்டரிடம் தனியாகப் போய், அந்தக் குளிர்தான் காரணமாக இருக்குமோ என்று மெதுவாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். இப்படிக் கேட்டேன் என்று வீட்டில் இன்னும் சொல்லவில்லை.