அக்கா புடவையில் மேயும் கோழிகள்

என் அக்காவின் முகூர்த்தப் புடவை பார்டரில் ஆறு கெஜ நீளத்துக்கும் கோழிகள் மேய்கின்றன. அவை மயில்களாக இருந்திருக்க வேண்டியவை. கோழியாகிப் போனதற்கு முழுப் பொறுப்பும் என்னுடையதுதான். (கோழியா, சேவலா என்பதில் மட்டும் குடும்பத்துக்குள் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது.)

நாங்கள் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரர்கள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தறி, அக்கா தேன்மொழிக்குக் கம்ப்யூட்டர். கட்டம் போட்ட தாளில் பென்சிலால் வரைந்துகொண்டிருந்த புடவை டிசைன்களைக் கம்ப்யூட்டரில் வரையக் கற்றுக்கொண்டு, தெருவில் பாதி வீடுகளுக்கு அவள்தான் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதுதான் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. முதல் மாதச் சம்பளம் வந்த கையோடு உலகத்தில் தெரியாதது எதுவுமில்லை என்ற ஞானமும் வந்துவிட்டது.

தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் என்று முடிவானது. ஊருக்கெல்லாம் வரைந்தவள் தன் புடவையை வேறு யாரிடமாவது விடுவாளா? அடுத்தவர் வேலையெல்லாம் முடிந்த பிறகு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக, ஐந்து மாதம் கட்டம் கட்டமாக நிரப்பினாள். அதை அப்பாவும் அம்மாவும் நெய்வதாக ஏற்பாடு. கம்ப்யூட்டர்தான் தடங்கல். அந்த டிசைனைத் திறக்கச் சொல்லிவிட்டு அவள் போய் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டு வருவாள், அது அப்போதும் யோசித்துக்கொண்டிருக்கும்.

கல்யாணத்துக்கு என் பங்காக அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. எஸ்எஸ்டி என்று ஒன்று புதிதாக வந்திருந்தது. சுற்றாத, சத்தம் போடாத, கண் இமைப்பதற்குள் திறந்துவிடுகிற டிஸ்க். ஒன்று வாங்கியிருந்தாலே அக்கா கையெடுத்துக் கும்பிட்டிருப்பாள். நான் இரண்டு வாங்கினேன். இரண்டையும் சேர்த்து ரெய்டு ஜீரோ என்று ஒரு முறையில் இணைத்தால் வேகம் இரட்டிப்பாகும் என்று படித்திருந்தேன். படிக்க வேண்டியதில் பாதியைத்தான் படித்திருந்தேன் என்பது பிற்பாடு தெரிந்தது.

கேபினெட்டைப் பிரித்துப் போட்டு நான் மாட்டிக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார்.

"எதுக்குடா ரெண்டு?"

"நீயும் அம்மாவும் கோர்வை போடுறீங்க இல்லப்பா? இந்தப் பக்கம் நீ, அந்தப் பக்கம் அம்மா, மாத்தி மாத்தி நாடா போட்டு ஒரே புடவைய நெய்யுறீங்க. அது மாரிதான் இது. ஒரே டிசைன துண்டு துண்டா பிரிச்சி, ஒரு துண்டு இதுல, அடுத்த துண்டு அதுல, ரெண்டும் ஒரே நேரத்துல எழுதும். டபுள் ஸ்பீடு."

"உங்கம்மா நடுவுல சோறு வடிக்க எழுந்து போயிட்டா நான் கைய கட்டிக்கினு உக்காந்திருக்கிறேன். இதுல ஒருத்தன் எழுந்து போயிட்டா இன்னா ஆவும்?"

"டிஸ்க்கு எங்கப்பா எழுந்து போவும்?" என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் என்னை நானே ஒரு குட்டு வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

வேகம் வந்தது என்னவோ உண்மை. அக்கா தொட்டதும் டிசைன் திறந்தது. "டீ குடிக்கக்கூட டைம் குடுக்க மாட்டேங்குதேடா" என்று அவள் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய ஹார்ட் டிஸ்க் இனி எதற்கு என்று அதைத் துடைத்தெடுத்து, நண்பனிடம் கொடுத்துப் பதினோரு சினிமாக்களை நிரப்பி வாங்கி வந்தேன்.

"எதுக்கும் சிடியில ஒரு காப்பி போட்டு வச்சிக்கலாமாடா?" என்று அக்கா கேட்டாள்.

"சிடியா? நீ எந்தக் காலத்துல இருக்கிற?"

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குக் கருவி எதையும் விட்டுவிடக் கூடாது. தறியைத் துடைத்துப் பொட்டு வைத்தால் போதாது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடா, கத்தரிக்கோல், ராட்டினம் என்று ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துச் சாமி முன்னால் வைத்துச் சந்தனம் குங்குமம் இட வேண்டும். நாங்கள் மறந்தாலும் அம்மா மறக்க மாட்டாள்.

"உள்ள என்னமோ ரெண்டு புதுசா மாட்னியே, அதுவும் வேலை செய்யுதுல்ல? எடுத்தாந்து வையிப்பா" என்றாள்.

வேறு ஊர்க்காரனாக இருந்தால் கம்ப்யூட்டரின் மேலே ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சுண்டலைச் சாப்பிடப் போயிருப்பான். நான் நெசவுக்காரர் வீட்டுப் பிள்ளை. இரண்டு எஸ்எஸ்டியையும் கழற்றித் தாம்பாளத்தில் நாடாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அக்கா முதலாவதற்கு நடு முதுகில் அழகாகப் பொட்டு வைத்தாள். இரண்டாவதற்கு நான் வைத்தேன். பக்தி கொஞ்சம் அதிகமாகிச் சந்தனம் ஓரத்தில் வழிந்தது.

மறுநாள் விஜயதசமி. டிசைனை வாங்கிப் போக நாகராஜ் அண்ணன் நல்ல நேரம் பார்த்து வந்து உட்கார்ந்திருந்தார். டிசைனைப் பார்த்து அட்டைகளில் துளை போட்டுத் தருபவர் அவர். அந்த அட்டைகள் தறிக்கு மேலே ஏறினால்தான் பார்டர் விழும். நான் டிஸ்குகளை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் நாலு வரி வந்தது. இரண்டு டிஸ்கில் ஒன்றைக் காணவில்லை, அதனால் இரண்டும் சேர்ந்த அடுக்கு மொத்தமும் செயலிழந்துவிட்டது என்று அர்த்தம்.

அண்ணன் காபி டம்ளருக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் தோளுக்குப் பின்னால். இந்த நேரத்தில் 'தெரியவில்லை' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும், அது என்னிடம் இல்லை. பழைய அடுக்கை நீக்கிவிட்டுப் புதிதாக அமைத்தால் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது கேட்டது. இந்த மாதிரி எதற்கெடுத்தாலும் பயமுறுத்துவது கம்ப்யூட்டரின் வழக்கம்தானே? சம்மதம் என்றேன்.

அதற்குப் பிறகுதான் கேபினெட்டைத் திறந்து பார்த்தேன். இரண்டாவது டிஸ்கில் ஒயர் செருகுகிற வாயில் என் சந்தனம் காய்ந்து உட்கார்ந்திருந்தது. சுரண்டித் துடைத்தேன். மறுபடி போட்டதும் இரண்டு டிஸ்கும் சமர்த்தாகத் தெரிந்தன. உள்ளேதான் ஒன்றுமில்லை. முதலிலேயே ஒரு துணியால் துடைத்திருந்தால் போதும். அழித்ததோடு விட்டிருந்தாலாவது யாராவது தோண்டி எடுத்திருப்பார்களாம். நான் அவசர அவசரமாக விண்டோஸை வேறு புதிதாக ஏற்றி, அந்த வழியையும் அடைத்துவைத்தேன்.

"மொத்தமுமா?" என்றாள் அக்கா.

"மொத்தமும்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால், திட்டியிருந்தால், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஐந்து மாதம் கட்டம் நிரப்பிய விரல்களை மடியில் வைத்துக்கொண்டு வெற்றுத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் செத்துவிடலாம் போலிருந்தது. அப்போதுதான் அப்பா உள்ளே வந்து எல்லார் முகத்தையும் பார்த்தார்.

"என்ன, ஒருத்தன் சோறு வடிக்க எழுந்து போயிட்டானா?"

அக்காவுக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண்ணீர் வந்தது, அது எந்தக் கண்ணீர் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, தீபாவளி வரைக்கும் டைம் குடுங்க" என்றாள் நாகராஜ் அண்ணனிடம். அதற்கு மேல் தள்ளினால் தைக்குள் தறியிலிருந்து புடவை இறங்காது.

நான் வேலைக்கு லீவு போட்டேன். அக்கா முந்தியையும் மற்றதையும் ஞாபகத்திலிருந்து வரைந்தாள். பார்டர் மயிலை மட்டும் என்னிடம் தந்தாள். "உன் கையால போச்சி, உன் கையாலயே வரட்டும்." மூன்று நாள் குனிந்து வரைந்தேன். தோகைக்கு இடம் போதவில்லை, வெட்டினேன். கழுத்து நீண்டது, குறைத்தேன். கொண்டையை மட்டும் ஆசையாகப் பெரிதாக வைத்தேன். அக்கா அதை ரொம்ப நேரம் பார்த்தாள். "சரி" என்று மட்டும் சொல்லி, மூன்று சிடிகளில் காப்பி எடுத்தாள்.

புடவை தறியில் நாலு விரல் ஏறியதும் அப்பா கூப்பிட்டார்.

"டேய், இது இன்னாது?"

"மயிலுப்பா."

அப்பா மறுபக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பினார். "இந்தப் பக்கம் கோழி வந்துக்கினு இருக்குது. உன் பக்கம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சி. முட்டைதான் இன்னும் போடல" என்றாள் அம்மா.

அட்டையில் ஒரு தடவை துளை விழுந்தால் பார்டர் நெடுக அதுவேதான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு கோழி முடியும்போதும் அப்பா "பக்" என்பார், அம்மா சிரிப்பாள். எனக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் அத்தை புடவையைத் தொட்டுப் பார்த்து, "என்ன பட்சிங்க இது? புதுசா இருக்குதே" என்று கேட்டார். "எங்க வீட்டு டிசைனுங்க, வெளியில கிடைக்காது" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

வேலூரில் குடியிருக்கும் அக்கா, உறவில் ஒரு கல்யாணம் விடாமல் அந்தப் புடவையைத்தான் கட்டுகிறாள். சமீபத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, இத்தனை வருஷம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்கே உனக்குக் கோழின்னு தெரிஞ்சிதா?"

"பாத்த ஒடனே தெரிஞ்சிது. அஞ்சு நிமிஷம் வேலை, மாத்தியிருப்பேன்."

"பின்ன ஏன் விட்ட?"

"நான் வரஞ்ச மயில ஊர்ல எத்தினி பேரோ கட்டிக்கினு போறாங்க. நீ மூணு நாளு சாப்பிடாம கொள்ளாம வரஞ்சது எனக்கு மட்டும்தானடா. அத எப்படி அழிக்கிறது? நீ அழிச்சதே போதாதா?"

நான் அப்பளத்தை நொறுக்குவதில் ரொம்பக் கவனமாக இருந்தேன். அண்ணாந்து பார்த்திருந்தால் பரிமாறுகிறவர் என்ன ஏது என்று கேட்டிருப்பார்.

இப்போதும் ஆயுத பூஜையன்று லேப்டாப்பைத் துடைத்துச் சாமி முன்னால் வைத்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தை எடுக்கும்போது சரியாக வேலூரிலிருந்து போன் வரும்.

"மூடி மேல வையிடா. வாயில வச்சிடாத."

"தெரியும்க்கா" என்பேன். எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அப்பா, பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "பக்" என்பார்.