மூக்கனார் வருகைப் படலம்

வாழ்க விசிலேந்திய வீரர்! இடிக்குரலோன், எவர் முன்னும் முட்டி மடக்காதோன், ஓர் ஊதலில் பள்ளி முழுவதையும் மூச்சடக்கி நிற்கவைக்கும் பி.டி. வாத்தியார், தன் வீட்டு நாய் தன் சொல்லுக்குத் திரும்பி வரவேண்டுமென்று மைதானத்தில் நிகழ்த்திய பெரும்போரைப் பாடப் புகுந்தோம். நாவே, நீ குழறாதே. வயிறே, நீ குலுங்காதே!

நாயின் பெயர் மூக்கன். செவியிரண்டும் வெறும் அலங்காரம், மூக்கொன்றே மெய்யென்று கொண்ட மோப்பச் சக்கரவர்த்தி, குப்பைமேடு வென்றான், அணில்குலம் துரந்த அண்ணல். கயிற்றில் இருக்கும்வரை பரம சாது. கழற்றிவிட்டால் பிடிக்க ஆளில்லை.

வாத்தியார் கைக்கொண்ட மந்திரமோ ஓரெழுத்து: "வா." அந்தோ, அம்மந்திரத்தைக் கெடுத்தவரும் அவரேயன்றோ! வா என்றழைத்துக் கயிறு பூட்டினார். வா என்றழைத்துச் சோப்பு நுரையில் அமிழ்த்தினார். வா என்றழைத்து ஊசி போடும் மருத்துவரின் மேசையில் ஏற்றினார். ஆதலின், அச்சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் எதிர்த்திசையில் ஓட்டம் பிடிப்பதே அறிவுடைமை என்று மூக்கன் தெளிந்திருந்தது. நாயைச் சொல்லிக் குற்றமில்லை.

வாத்தியாரின் மனைவி முந்தின நாளே பிரகடனம் செய்திருந்தாள்: "நாளைக்கும் கூப்பிட்டு வரலைன்னா, இனிமே ஆயுசுக்கும் கயிறுதான். அது வண்டியில அடிபட்டா என்னால தாங்க முடியாது." கட்டவிழ்ந்து ஓடும் மூக்கனின் ஆனந்தத்தைக் கண்டே அன்றாட அலுப்பைத் தீர்த்துவந்த வாத்தியாருக்கு நெஞ்சு கனத்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த நாய் என்றால் அவருக்கு உயிர்.

விடிந்தது, களம் அமைந்தது. ஒருபுறம் சட்டைப்பை பிதுங்கப் பிஸ்கட் படை திரட்டிய வாத்தியார். மறுபுறம் பெஞ்சில், உட்கார் என்றால் உட்கார்ந்து எழு என்றால் எழும் தம் நாயோடு, புன்னகை வாளைத் தீட்டியபடி பக்கத்து வீட்டுப் பல் டாக்டர். கயிறு கழன்றது! புல் அதிர, புழுதி எழ, காக்கைக் கூட்டம் கலங்கிச் சிதற, மூக்கன் மைதானத்தின் கோடி நோக்கிப் பாய்ந்தது. அங்கே எவரோ சாத்த மறந்த இரும்புக் கதவு. அதற்கப்பால் லாரிகள் முழங்கும் சாலை!

"வா!" என்று முழங்கினார்; வரவில்லை. "மூக்கா, வாடா!" என்று கர்ஜித்தார், வால் மட்டும் ஆடியது. விசிலை எடுத்து விண்ணதிர ஊதினார். அவரிடம் படித்து, இன்று தொப்பை கரைக்க நடந்துகொண்டிருந்த பழைய மாணவர் சிலர் தம்மையறியாமல் விறைத்து வரிசையில் நின்றனர். நாய் நிற்கவில்லை.

அக்கணத்தில் வாத்தியாரின் உள்ளத்தே ஒரு மின்னல் வெட்டியது. மூக்கன் தவறாது ஓடிவரும் அழைப்பு ஒன்றுண்டே! சாப்பாட்டு வேளைதோறும் சமையலறையிலிருந்து மனைவி அவரை அழைக்கும் அழைப்பு! அது கேட்டதும் அவருக்கு முன்னே ஓடிவந்து, தட்டருகே அமர்ந்து, முதல் கவளத்தைத் திறையாகப் பெறுவது மூக்கனன்றோ! ஆனால் இத்தனை பேர் முன்னிலையில் அதைச் சொல்வதா? மானம் போனால் நாளைக்குத் தேடிக்கொள்ளலாம், மூக்கன் போனால்? எஃகுத் தொண்டையைச் சுருக்கி, மனைவியின் குரலையும் இழுவையையும் இம்மி பிசகாது வரவழைத்து, ஊரறிய அறைகூவினார்:

"ஏங்க...! சாப்பிட வாங்க!"

நின்றார் மூக்கனார். திரும்பினார். காதுக் கொடிகள் இரண்டும் பறக்க, நாவென்னும் செம்பட்டு காற்றில் அலைய, வந்தார், வந்தார், வந்தேவிட்டார். வாத்தியாரின் காலடியில் அமர்ந்து, தட்டெங்கே என்று நிமிர்ந்து நோக்கினார். எவர் முன்னும் மடங்காத முட்டி அன்று மண்ணில் மடங்கியது. கயிற்றைத் தொடாமல், பையிலிருந்த பிஸ்கட் அத்தனையும் கொட்டி, நாயைக் கட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தார் வாத்தியார்.

"யாரை சார் கூப்பிட்டீங்க?" என்றார் பல் டாக்டர்.

மார்பு நிமிர்த்தி மொழிந்தார் மாவீரர்: "எங்க வீட்டுப் பிள்ளை மரியாதை தெரிஞ்சது சார். வாங்கன்னாதான் வரும்!"

அன்று மனைவி சாப்பிடக் கூப்பிட்டபோது, யாரை என்று கேட்டுவிட்டுத்தான் வாத்தியார் எழுந்தார்.