கட்டாய விருப்பப் பாடம்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் அறையில், மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், 'கட்டாய விருப்பப் பாடம்' கண்டுபிடிக்கப்பட்டது. நெருப்பைக் கண்டுபிடித்தவரின் பெயர் யாருக்கும் தெரியாது. இதைக் கண்டுபிடித்தவரின் பெயர் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அவரைச் 'சுற்றறிக்கை' என்றுதான் சொல்வார்கள்.

தும்மினால்கூட அதுபற்றி ஒரு சுற்றறிக்கை விடுகிற தலைமையாசிரியர் அவர். 'ஆசிரியர் ஓய்வறையில் வீண் பேச்சைத் தவிர்க்கவும்' என்று ஒருமுறை அனுப்பினார். அந்தச் சுற்றறிக்கையைப் பற்றியே ஓய்வறையில் ஒரு வாரம் பேச்சு நடந்தது.

புதுத் திட்டம் இதுதான். உயர்நிலைப் பள்ளிக்குப் புதிதாக வருகிற ஒவ்வொரு மாணவரும் ஒரு துறையைத் தன் சொந்த விருப்பத்தின்படித் தேர்ந்தெடுக்க வேண்டும். விரும்பாமல் இருக்க அனுமதி இல்லை. விரும்பத் தெரியாதவர்களுக்காகப் பள்ளியே விரும்பிக் கொடுக்கும். இதைவிடப் பெரிய சுதந்திரத்தை எந்தப் பள்ளி தந்திருக்கிறது, சொல்லுங்கள்.

இப்பேர்ப்பட்ட பள்ளியில் வேலை பார்க்கும் பாக்கியம் பெற்றவர்களில் ஒருவர் பூகோள டீச்சர். அவருடைய நேர்மையைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். விடைக்குறிப்பில் இல்லாத விடைக்கு அவர் ஒருநாளும் மதிப்பெண் போட்டதில்லை. மழை எப்படிப் பெய்கிறது என்ற கேள்விக்கு ஒரு மாணவன் தன் சொந்த வார்த்தைகளில் அத்தனை அழகாக எழுதியிருந்தான். டீச்சர் அதை இரண்டு முறை படித்து ரசித்தார், வீட்டுக்குப் போய்க் கணவரிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்தார், பூஜ்யம் போட்டார்.

மருந்துக்கடை வைத்திருக்கும் கணவர் சோற்றைப் பிசைந்தபடியே, "சரியாத்தானே எழுதியிருக்கான்?" என்றார்.

"சரிதான். ஆனா குறிப்புல இல்லையே," என்றார் டீச்சர். கணவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியிருந்தது.

திட்டம் அறிவிக்கப்பட்டதும் துறைகளுக்கெல்லாம் பெயர் சூட்டும் வைபவம் களைகட்டியது. பழைய பெயரில் யார் சேர்வார்கள்? வேதியியல், 'வேதியியல் மற்றும் வேதனை நீக்கியல்' ஆயிற்று. இயற்பியல், 'இயற்பியலும் இயல்பு வாழ்க்கையும்' ஆயிற்று. வணிகவியல் தன்னோடு 'வணக்கவியலை'யும் சேர்த்துக்கொண்டது. கும்பிடு போடத் தெரியாமல் என்ன வியாபாரம் என்று அதன் ஆசிரியர் கேட்டார். இவற்றுக்கெல்லாம் முடிசூட்டியதுபோலப் புதிதாக உதித்தது 'கணினி, கணிப்பு மற்றும் எதிர்காலத் துறை'. அதன் கணினிகள் இன்னும் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வரவில்லை. துணைத் தலைமையாசிரியர் அந்தப் பெட்டிகளுக்குக் காவலாக, பெட்டி மேலேயே உட்கார்ந்து, துறைத் தலைவராகப் பணியாற்றினார். அவரை எல்லோரும் ஆமாஞ்சாமி என்பார்கள். காரணத்தை விளக்கத் தேவையில்லை.

பூகோளம் மட்டும் பூகோளமாகவே இருந்தது. உலகமே ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது இன்னும் எதைச் சேர்ப்பது என்று டீச்சருக்குத் தெரியவில்லை.

அந்த நிலையில்தான் வந்தது அடுத்த சுற்றறிக்கை. பத்து மாணவர்கள்கூடச் சேராத துறை 'கௌரவமாக இணைக்கப்படும்'. எதோடு? 'மதிய இடைவேளை வரிசை ஒழுங்குப் பிரிவோடு'. அதாவது, இத்தனை வருஷம் காற்றும் மழையும் கண்டங்களும் சொல்லிக்கொடுத்த டீச்சர், இனிமேல் கையில் விசிலோடு சாப்பாட்டு வரிசையில் நின்று 'தள்ளாதே, தள்ளாதே' என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதைக் கௌரவம் என்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனசு வரவில்லை.

பிறகு அந்த நாள் வந்தது. சுற்றறிக்கை இப்படிச் சொல்லியிருந்தது: 'புதிய மாணவர்களுக்கு வெள்ளிக்கிழமை பாடத் தேர்வு நடைபெறும். பெற்றோர் தவறாமல் உடன் வரவும்.'

தேர்ந்தெடுப்பதும் தேர்வுதான், பரீட்சையும் தேர்வுதான். தலைமையாசிரியர் முதலாவதை நினைத்து எழுதினார். ஊரே இரண்டாவதை நினைத்துப் படித்தது. என்ன பாடம், எந்தப் பகுதி என்று தெரியாததால் பிள்ளைகள் எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துவிட்டு வந்தார்கள்.

கூடத்தில் துறைக்கொரு மேசை போட்டிருந்தார்கள். வேதியியல் புகை விட்டது. உயிரியலின் எலும்புக்கூடு கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு நின்றது. ஒரு பிள்ளைகூட எந்த மேசைப் பக்கமும் எட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் இடைவெளி விட்டுத் தரையில் வரிசையாக உட்கார்ந்து, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு, உதடு அசைய முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். ஓர் அப்பா எழுந்து, கேள்வித்தாள் எப்போது தருவீர்கள் என்று பவ்யமாகக் கேட்டார்.

தலைமையாசிரியருக்குப் பேயறைந்தது போல ஆயிற்று. ஆனால் சுற்றறிக்கையில் பிழை வராது. வந்தால் அது படிக்கிறவர்களிடம்தான் வரும். உடனே ஆசிரியர்களைத் தன் அறைக்குள் அழைத்து அவசரக் கூட்டம் போட்டார். தேர்வு என்று சொல்லியாகிவிட்டது, ஆகவே தேர்வு வைத்தே தீரவேண்டும் என்று முடிவாயிற்று. 'உன் விருப்பப் பாடம் எது? ஏன்?' என்ற ஒரே கேள்வி போதும் என்றார். ஆமாஞ்சாமி ஆமாம் என்றார். எல்லாம் சுமுகமாக முடிந்து, நாற்காலிகள் நகரத் தொடங்கிவிட்டன.

அப்போதுதான் பூகோள டீச்சர் கையை உயர்த்தினார். பழக்கதோஷம், வேறென்ன.

"சார், இந்தக் கேள்விக்குச் சரியான விடை எது?"

தலைமையாசிரியர் முகத்தில் மெல்ல மெல்ல ஒரு வெளிச்சம் பரவியது. "நல்ல கேள்வி டீச்சர்," என்றார். "இது யாருக்குமே தோணலை பாருங்க."

விடைக்குறிப்பு அங்கேயே உருவாயிற்று. சரியான விருப்பம்: கணினி, கணிப்பு மற்றும் எதிர்காலத் துறை. காரணம்: ஏனெனில் அதற்கு எதிர்காலம் உண்டு. விருப்பத்துக்கு ஒரு மதிப்பெண். 'ஏனெனில்' என்று தொடங்கியிருந்தால் இன்னொரு மதிப்பெண். திருத்துவதற்கு நடுநிலையான ஆள் வேண்டும் என்றார் ஆமாஞ்சாமி. "நிலநடுக்கோடே டீச்சர்கிட்டதானே இருக்கு," என்று தலைமையாசிரியர் பெரிய நகைச்சுவை செய்ய, கூட்டம் சிரித்துக் கலைந்தது. டீச்சருக்குத் தன் கேள்வி என்ன காரியம் செய்துவிட்டது என்று புரிய, கதவு வரை நடக்க வேண்டியிருந்தது.

கேள்வித்தாள் அச்சாகும் வரை டீச்சர் தன் மேசையில் போய் உட்கார்ந்தார். பூகோளத்தின் மேசையில் இருந்தது ஒரே ஓர் உலக உருண்டை. போன விளையாட்டு விழாவில் யாரோ அதன்மேல் உட்கார்ந்துவிட்டதால் ஒரு பெருங்கடல் உள்ளே அமுங்கிக் கிடந்தது. காத்திருந்து அலுத்துப்போன ஒரு பெண், ரெட்டைப் பின்னலும் காலர் முறுகலாகத் தேய்த்த சட்டையுமாக, மெதுவாக எழுந்து வந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா துணி தேய்க்கும் கடை வைத்திருக்கிறார் என்று கேட்காமலே சொன்னாள். பிறகு ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி, அது இந்த உருண்டையில் எங்கே இருக்கும் என்று கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"அப்பா போன் பண்றப்போ எந்த ஊர்ல இருக்கேன்னு சொல்வாரு டீச்சர். அது எங்க இருக்குன்னு எனக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அம்மா தூங்காம உட்கார்ந்திருப்பாங்க."

டீச்சர் உருண்டையைச் சுற்றினார். இதோ நம் ஊர், இதோ சாலை போகிற பக்கம், இதோ அப்பா. இரண்டுக்கும் நடுவே அந்தப் பெண்ணின் சுண்டுவிரல் நகம் அளவுகூட இடம் இல்லை. "இவ்வளவுதானா?" என்று அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு இன்னொருத்தி வந்தாள். அவள் சித்தப்பா கப்பலில் வேலை பார்க்கிறார். இன்னொருவனின் அத்தை எங்கோ பனி கொட்டும் நாட்டில் இருக்கிறார். அமுங்கிப்போன கடலில்தான் சித்தப்பாவின் கப்பல் போகிறது என்று தெரிந்ததும், இரண்டு பேர் உருண்டையை அணைத்துப் பிடித்து அமுக்கி, 'டொப்' என்ற சத்தத்தோடு கடலை வெளியே எடுத்துவிட்டார்கள். ஒரே கைதட்டல். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் விடைக்குறிப்பில் இல்லாத ஒரு விஷயத்துக்கு அவர் இப்படிச் சிரித்ததே இல்லை.

பிறகு தேர்வு நடந்தது. பிள்ளைகள் மனப்பாடம் செய்ததையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்களுக்கு என்ன பிடிக்கும் என்று எழுதினார்கள்.

பிற்பகல் ஓய்வறையில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்த டீச்சர், நாலைந்து தாள் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பூகோளம் என்று ஒரு தாள். கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அப்புறம் அடுத்தடுத்து மூன்று. கட்டு முடிந்தபோது பதினோரு பேர். பத்து போதும் என்ற இடத்தில் பதினொன்று! விசிலாவது, வரிசையாவது. டீச்சர் டீ வரவழைத்துக் குடித்தார்; குடித்ததை மறந்து இன்னொன்று வரவழைத்தார். லாரிக்காரர் மகள் எழுதியிருந்தாள்: 'பூகோளம். அப்பா எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் அம்மா தூங்குவாள்.' டீச்சர் அதை மூன்று முறை படித்தார்.

அப்புறம் விடைக்குறிப்பைப் பார்த்தார்.

தாள்களை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்கு ஓடினார். பதினோரு பேர் பூகோளத்தை விரும்பியிருக்கிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னார். தலைமையாசிரியர் வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"பதினோரு பேரா தப்பா விரும்பியிருக்காங்க?"

"விரும்புறதுல என்ன சார் தப்பு?"

"என்ன டீச்சர் இது. சரியான விடை எதுன்னு கேட்டதே நீங்கதானே?"

ஆமாஞ்சாமி ஆமாம் என்றார்.

டீச்சர் ஓய்வறைக்குத் திரும்பினார். அறையில் யாரும் இல்லை. அவர் மதிப்பெண் போட்டால் யாரும் திரும்பப் பார்க்கப்போவதில்லை. இந்தப் பள்ளியில் எழுதப்படுவதைப் படிக்கிற வழக்கம் கிடையாது. பதினோரு சரிக்குறி, அவ்வளவுதான். அவர் துறை பிழைக்கும், அவரும் பிழைப்பார். ஆனால் நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. எதிரிகூடச் செய்யக் கூசுவதை, பூகோள டீச்சர் தன் கையாலேயே, கோடு கோணாமல், பதினோரு முறை செய்து முடித்தார். லாரிக்காரர் மகள் 'ஏனெனில்' என்றுகூடத் தொடங்கவில்லை, ஆகவே அந்த ஒரு மதிப்பெண்ணையும் தர முடியவில்லை.

மறுநாள் தகவல் பலகையில் 'விருப்பத்தில் தேர்ச்சி பெறாதோர்' பட்டியல் ஒட்டப்பட்டது. சாயந்திரத்துக்குள் பள்ளி வாசலுக்கு எதிரே 'விருப்பப் பயிற்சி மையம்' முளைத்துவிட்டது. இரண்டே வாரத்தில் சரியாக விரும்பக் கற்றுத்தருவோம் என்று பலகை சொன்னது. கல்வி வளர்கிற வேகத்தைப் பாருங்கள்.

தவறியவர்களுக்குத் திங்கட்கிழமை வாய்மொழி மறுதேர்வு. கேட்பவர் டீச்சர், பார்வையாளர்கள் தலைமையாசிரியரும் ஆமாஞ்சாமியும். லாரிக்காரர் மகளை அவள் அம்மா கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார். தேய்ப்புக் கடையைப் பூட்டிவிட்டு வந்த அவசரம் அவர் முகத்தில் இருந்தது.

"மன்னிச்சுக்குங்க டீச்சர். எல்லாத்துலயும் நல்லாப் படிக்கிற பொண்ணு. விருப்பத்துல கோட்டை விட்டுட்டா," என்றவர், மகள் பக்கம் திரும்பினார். "ஒழுங்கா விரும்ப மாட்டியா? என்னைத் தலைகுனிய வெச்சுட்டியேடி."

பெண் அம்மாவைப் பார்த்தாள். மேசைமேல் இருந்த உருண்டையைப் பார்த்தாள். கடல் மறுபடியும் உள்ளே போயிருந்தது.

டீச்சர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேள்வியைப் படித்தார். உன் விருப்பப் பாடம் எது? ஏன்?

பெண் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது, குறும்பெல்லாம் இல்லை.

"டீச்சர், உங்களுக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?"

தலைமையாசிரியர் முன்னால் சாய்ந்தார். ஆமாஞ்சாமி ஆமாம் சொல்லத் தயாரானார். பூகோள டீச்சர் வாயைத் திறந்தார். காற்றும் மழையும் கண்டங்களும் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அப்புறம் அவர் கண், தானாக, யாரும் சொல்லாமலே, கையிலிருந்த விடைக்குறிப்புக்குப் போயிற்று.

"கணினி, கணிப்பு மற்றும் எதிர்காலத் துறை," என்றார். "ஏனெனில் அதற்கு எதிர்காலம் உண்டு."

பெண் அவருக்காகச் சந்தோஷப்படுகிறவள் போலத்தான் சொன்னாள்.

"நீங்க பாஸ் டீச்சர்."