வாய் திறக்காத கிராப்பிள்

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல எனக்கு வராது. இன்றைக்குக் கொஞ்சம் தேவலை. இருபத்து மூன்று வயதில் அது முற்றிப்போய் இருந்தது.

பிறவிக் குணமில்லை. பதினொரு இன்டர்வியூக்களில் "தெரியாது சார்" என்று உண்மை பேசித் தோற்றவள் நான். பன்னிரண்டாவதில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன், வேலை கிடைத்துவிட்டது. கொடுத்தவர் காதர் பாய். கடையநல்லூர்க்காரர், வீடு மும்பை தாராவியில், யார்டு செம்பூரில். மண் அள்ளும் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். நான் பர்ச்சேஸ் அசிஸ்டென்ட். ஆறு மாத புரொபேஷனில் ஐந்து மாதம் ஓடியிருந்தது. இது போனால் பதிமூன்றாவது இன்டர்வியூவுக்கு எனக்குத் தெம்பு கிடையாது.

அப்போதுதான் மான்குர்த்தில் ஒரு காலி மனை வேலை வந்தது. மனை முழுக்க முள்புதர். மூன்று நாளில் சுத்தம் செய்து தரவேண்டும்.

"புதர் அள்ளுத கிராப்பிள் ஒண்ணு வாங்கணும்மா. நம்ம பேக்ஹோவுக்கு முன்னால மாட்டுதாப்புல. நீயே பாத்து முடிச்சிரு" என்றார் பாய்.

(பேக்ஹோ என்றால், முன்னால் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள அந்த மஞ்சள் வண்டி. கிராப்பிள் என்றால், பக்கெட்டைக் கழற்றிவிட்டு மாட்டும் இரும்புத் தாடை. கீழே நீளமான பற்கள், மேலே கவ்வும் வாய். இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது.)

எங்கள் வீடு அணுசக்தி நகர் குவார்ட்டர்ஸ். அப்பா ஸ்டோர்ஸில் கிளார்க். மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, அட்டவணை போடாமல் எங்கள் வீட்டுக்குள் பிரஷர் குக்கர்கூட நுழைந்ததில்லை. அந்த ரத்தம் எனக்குள் கொதித்தது. மூன்று கொட்டேஷன், பதினேழு கட்டம். எடை, அகலம், பல் எண்ணிக்கை, பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி, இரும்பின் கனம், பெயின்ட்டின் நிறம் வரை போட்டேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்துவிட்டு, "பிரமாதம்டி" என்றார்.

விற்பவர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மேடம், வண்டியில முன்னால ஆக்ஸிலரி லைன் ஹை நா?"

அது என்ன லைன் என்று எனக்குத் தெரியாது. ஆபரேட்டர் செல்லத்துரை பத்தடி தூரத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தார். போனைப் பொத்திக்கொண்டு கேட்டிருக்கலாம். பர்ச்சேஸ்காரிக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிடுவாரே!

"ஹாங் ஹாங், சப் ஹை" என்றேன். ஆமாம் ஆமாம், எல்லாம் இருக்கிறது என்று அர்த்தம்.

கிராப்பிள் நேராக மான்குர்த்துக்கு வந்து இறங்கியது. செல்லத்துரை அதைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"மேடம், இது வாயத் தொறந்து மூட எண்ணெ எங்க இருந்து வரும்? நம்ம வண்டில முன்னால லைனே கெடையாதுல்லா?"

பதினேழு கட்டத்தில் அந்தக் கட்டம் இல்லை.

"டென்ஷன் எடுக்காதீங்க. பின்னால கல்லு ஒடைக்கதுக்கு ஒரு லைன் இருக்கு. அதுலயிருந்து ஹோஸ், ரப்பர் குழாய்தான், இழுத்துப் பாப்பம்" என்றார். இழுத்தார். கிராப்பிள் ஒரு பெரிய புதரைக் கப்பென்று கவ்வியது. நான் கைதட்டிவிட்டேன். ஆனால் அந்த லைன் எண்ணெயை ஒரு பக்கம்தான் தள்ளும். மூடிய வாய் மூடியபடியே நின்றது. ஹோஸை மாற்றி மாட்டினால் திறக்குமாம். அழுத்தம் ஏறியிருந்ததால் கழலவில்லை. ஸ்பானர் போட்டுத் திருகியதில் குழாயை இணைக்கும் கப்ளிங் உடைந்தது.

வேறு வழியில்லாமல் வண்டி அப்படியே செம்பூருக்குத் திரும்பியது. வாயில் ஒரு முழுப் புதர். புதரோடு சேர்த்து, மனைக்காரர் நட்டு வைத்திருந்த 'உள்ளே வரக்கூடாது' போர்டும். பின்னால் ஆட்டோவில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு நான். சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். பஸ் ஸ்டாப்பிலிருந்து அப்பாவின் போன்: "ஏண்டி, ஒரு வண்டி காட்டையே கவ்விண்டு போறதே, அது உங்க ஆபீஸோடதா?" ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். (சொந்த அப்பாவிடம்!)

யார்டு வாசலில் காதர் பாய் நின்றுகொண்டிருந்தார்.

"யாரு இத வாங்கச் சொன்னது?"

என் வாய் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்க முயன்றேன். வேலை போய்விடும் என்ற ஒரே நினைப்பில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. செல்லத்துரை என்னைப் பார்த்தார், பாயைப் பார்த்தார்.

"நாந்தான் பாய். இது போதும்னு மேடத்துக்கிட்ட சொல்லிட்டேன்."

"அப்ப நாளையில இருந்து நீ வண்டில ஏறாத. போய் நட்டு கழுவு."

அப்போதும் நான் பேசவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை, பத்து வருடமாக வண்டி ஓட்டிய மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து டீசலில் நட்டு கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாயா குடிச்சாச்சா மேடம்?" என்றார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன். நேராக பாயின் கேபினுக்குப் போய், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். ஹாங் ஹாங் சப் ஹை வரை.

பாய் மேஜையில் கிடந்த என் பதினேழு கட்டத்தை எடுத்து, விரல் வைத்து மேலிருந்து கீழே படித்தார். பிறகு, "அவன வண்டில ஏறச் சொல்லு. நீ போய் நட்டு கழுவு" என்றார்.

ஒரு வாரம் கழுவினேன். புரொபேஷன் இன்னும் மூன்று மாதம் நீண்டது. வேலை போகவில்லை.

கதை வீட்டில் பரவாமல் இருக்குமா? நான் எதையாவது மறைத்துக்கொண்டு உம்மென்று உட்கார்ந்தால் அப்பா, "ஹோஸ் மாட்டணுமோ?" என்பார். கல்யாணத்துக்குப் பிறகு அதை என் கணவர் எடுத்துக்கொண்டார். போன வாரம் இரண்டு நாளாக நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. என் பதினொரு வயது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முகவாயைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, ஹோஸ் கொண்டு வரட்டா?"

கார் கதவைத் தூணில் உரசியது நான்தான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டேன்.