மூங்கிலுக்கு ரெண்டு முனை

துணி காயப்போட ஒரு மூங்கில் வேணும்னு வீட்டுல சொன்னாங்க. ஸ்ரீரங்கம் கடைத்தெருவுக்குப் போனேன், வாங்கினேன். அதோட வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

ஆனா அப்பதான் தென்னூர்ல சிலம்பம் கத்துக்க ஆரம்பிச்சிருந்தேன். கையில கம்பு வேற! எதிர்ல ஆபீஸ் சிநேகிதர் சாரங்கன் வந்தார்.

"என்ன ஓய், பந்தல் போடறீரா?"

"பந்தலா! சிலம்பம் தெரியுமா உமக்கு? அடி எந்தக் கோணத்துல வருதுன்னு கண்டுபிடிக்கணும். நேரா தலைக்கு வரும், சாய்வா தோளுக்கு வரும், கீழேருந்து முழங்காலுக்கு வரும். எதிராளி தோளைப் பாத்தாலே தெரிஞ்சுடும். உம்ம குடையால அடிச்சுப் பாருமேன்!"

அடிச்சார். தலைக்கு வந்தது, தடுத்தேன். தோளுக்கு வந்தது, தடுத்தேன். வேடிக்கை பாக்க நாலு பேர் நின்னுட்டாங்க. எனக்குத் தலைகால் புரியல.

முழங்காலுக்கு வந்ததுக்கு ஒரு சுழட்டு சுழட்டினேன். பின்னாடி 'படார்'!

தயிர்க்காரம்மாவோட பானை.

"ஏன் சாமி, பின்னால ஆள் வர்றது தெரியலியா?"

"ஐயோ, மன்னிச்சுக்கம்மா!"ன்னு திரும்பினேன். நான் திரும்பினா மூங்கிலும் திரும்புமே! மறுமுனை ஒரு போலீஸ்காரரோட சிவப்புத் தலைப்பாகையைக் கோத்துக்கிட்டு மேலே போயிடுச்சு.

"இறக்குய்யா கீழே!"

பதறிப்போய் இறக்கினேன். தலைப்பாகை அங்க நின்னுட்டிருந்த ஜட்கா குதிரை தலையில போய்க் கச்சிதமா உக்காந்துது. குதிரை மிரண்டு எடுத்தது ஓட்டம்!

போலீஸ்காரர் தலைப்பாகைக்காகப் பின்னாடியே ஓடினார். தப்பு நம்ம பேர்லயாச்சேன்னு நானும் ஓடினேன். மூங்கிலைக் கீழே போடணும்னு தோணல.

தெருவுல யாரோ கத்தினாங்க: "போலீசையே ஒருத்தன் கம்பால துரத்தறான்யா!"

போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். இன்னும் வேகமா ஓடினார்.

"வந்தே மாதரம்!"னு ஒரு குரல். வெள்ளைக்காரன் ராஜ்யமாச்சே! போச்சு, ஜெயில்தான்! மூங்கிலை வீசிட்டு அலறினேன்: "ஐயா, இது துணி காயப்போடறதுக்குங்க!"

நல்லவேளை, குதிரை தண்ணித்தொட்டியைப் பார்த்துத் தானா நின்னுது. போலீஸ்காரர் தலைப்பாகையை எடுத்து உதறிக் கட்டிக்கிட்டார். மூச்சு வாங்க என்கிட்ட வந்தார்.

"எங்கய்யா கத்துக்கறே இதை?"

"தென்னூர்லங்க."

"ம்... போ."

அவ்வளவுதான்! பெரிய மனசு இவருக்குன்னு கும்பிட்டுட்டு வந்தேன்.

மறுநாள் விடியக்காலம் சிலம்பக் கூடத்துல புதுசா ஒருத்தர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு நின்னார். அவரேதான்.

"யாரோட ஜோடி சேர்றீங்க?"ன்னு வாத்தியார் கேட்டார்.

விரல் நேரா என் பக்கம் வந்தது. அந்தக் கோணத்துக்குத் தடுப்பு இன்னும் சொல்லித்தரல.